காகம் வராத ஸ்டேசன்

போன செவ்வாய்க்கிழமை எங்கட வயதுபோனவையின்ர கூட்டத்தில நீங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சியள். நான் மட்டும் சிரிக்கேல்லை. "என்னக்கா, முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்கிறியள்?" எண்டு கேட்டதுக்கும் ஒண்டும் சொல்லாமல் ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டிட்டன். கோவமில்லை. சொல்லத் தொடங்கினால் அண்டைக்கு முடிஞ்சிராது, அதுதான். என்ர வயதுக்காரர் நீங்கள், உங்களுக்குச் சொல்லாமல் வேற ஆருக்குச் சொல்லப்போறன்? இந்தக் குளிர் நாட்டில, அம்மருட் மாடிவீட்டில யன்னலோடை இருந்து ஆறுதலாய் எழுதுறன், வாசியுங்கோ.

எங்களில ஒராள், ஹவுகெட்டோவில இருக்கிறவ, புரட்டாதிச் சனிக்குப் பல்கனியில காகத்துக்குச் சோறு வைச்சிருக்கிறா. கீழ்வீட்டு மனிசி படம் எடுத்துக் கட்டிட நிர்வாகத்துக்கு அனுப்பிப்போட்டா. எலி வரும், வெளியில சாப்பாடு வைக்கப்படாது எண்டு நிர்வாகத்தால ஆள் வந்து சொல்லிப்போட்டுப் போயிருக்குது. "இஞ்சத்தைக் காகம் சாம்பல் சட்டை போட்ட காகம், அதுக்குச் சோறு எங்கை பிடிக்கப்போகுது? இந்த நாட்டுப் பிறவுண் சீஸ் வைச்சுப் பாரும்" எண்டு ஒருத்தர் பகிடி விட, அதுக்குத்தான் அவ்வளவு சிரிப்பு.

பாவம், சோறு வைச்ச மனிசிக்கு ஒரு பேச்சோடை போச்சுது. என்ர அம்மா காகத்துக்குச் சோறு வைச்சதுக்குத் துவக்கோடை ஆக்கள் வந்தவை.

நாங்கள் கூடினால் எந்தக் கதையில தொடங்கினாலும் கடைசியில சண்டைக் கதையிலதான் வந்து நிப்பம். ஆற்ற வீட்டில ஆர் போனது, ஆர் எப்ப ஊரை விட்டு வெளிக்கிட்டது, பிழை ஆரில. எங்கட சண்டை எண்டு சொல்லுறியள். எனக்கு அது இரண்டாவது சண்டை. முதலாவதை எட்டு வயதுப் பெட்டையாய் மலாயாவில பாத்தனான். அங்கையும் விடுதலை எண்டுதான் சொன்னவை. அதில நாங்கள் எந்தப் பக்கம் நிண்டனாங்கள் எண்டு கேட்டால், சத்தியமாய் இண்டைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

என்ர ஐயா, தகப்பனை அப்பிடித்தானே நாங்கள் கூப்பிட்டனாங்கள், அங்கை ஸ்டேசன் மாஸ்டர். யாழ்ப்பாணத்தில இங்கிலிஸ் படிச்ச ஆம்பிளையள் கப்பலேறிப் போய் மலாயா றெயில்வேயில வேலை பாத்த காலம். உங்களில கனபேரின்ர பாட்டன்மாரும் போயிருப்பினம். எங்கட ஸ்டேசன் சின்னது. முன்னுக்கு றெயில் பாதை, பின்னுக்கு எங்கட குவாட்டர்ஸ், அதுக்குப் பின்னால கம்பி வேலி, வேலிக்கு அங்காலை காடு. காடெண்டால் எங்கட வன்னிக் காடு மாதிரி இல்லை. மத்தியானத்திலயும் உள்ளுக்கை இருட்டு. மழை விட்டாப் பிறகும் மரங்கள் கன நேரம் சொட்டிக்கொண்டு நிக்கும். நிலக்கரிப் புகையும் ஈர இலையும் கலந்த ஒரு மணம். இஞ்சை மழை நாளில சில வேளை அந்த மணம் மூக்கில வரும். இது எங்கையிருந்து வருகுது எண்டு யன்னலைத் திறந்து பாப்பன்.

யப்பான்காரன் தோத்துப் போய், வெள்ளைக்காரன் திரும்பி வந்து கொஞ்சக் காலம். "நீ ஏன் திரும்பி வந்தனி? இது எங்கட நாடு" எண்டு சொல்லி ஒரு கூட்டம் துவக்கைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள்ளை போட்டுது. கனபேர் சீனப் பெடியள். வெள்ளைக்காரன் அவையைக் கொள்ளைக்காரர் எண்டான். ஐயாவும் கொள்ளைக்காரர் எண்டுதான் சொல்லுவார். அவை தண்டவாளத்தைக் கழட்டிவிடுவினம், றெயில் கவிழும். அதாலை ஒவ்வொரு றெயிலுக்கும் முன்னால இரும்புத் தகடு அடிச்ச சின்ன வண்டி ஒண்டு ஓடும். அது பத்திரமாய்ப் போனால் பின்னால வாற றெயிலும் போகலாம். நான் அந்த வண்டிக்குக் கை காட்டுவன். உள்ளுக்கை இருக்கிற ஆளின்ர முகம் தெரியாது. ஒரு ஓட்டைக்குள்ளாலை கை மட்டும் வெளியில வந்து ஆட்டும்.

காட்டுக்குள்ளை சாப்பாடு போகப்படாது. அதுதான் வெள்ளைக்காரன்ர பெரிய சட்டம். அரிசி பங்கீட்டிலதான். கடையில பால்ரின் வாங்கினால் கடைக்காரன் எங்களுக்கு முன்னாலையே ஆணியால இரண்டு ஓட்டை குத்தித்தான் தருவான். ஓட்டை போட்ட ரின்னை ஒளிச்சு வைக்கேலாது, காட்டுக்கும் அனுப்பேலாது, பழுதாய்ப் போம். எனக்கும் தம்பிக்கும் அது கொண்டாட்டம். வீட்டை வரமுன்னம் ஓட்டையில விரலை வைச்சு வைச்சு நக்கலாம். "எறும்பு வரப்போகுது, கெதியாய் முடியுங்கோ" எண்டு அம்மாவே சொல்லுவா. சண்டை எண்டால் பால்ரின் கெதியாய் முடியிறது எண்டுதான் நான் கன நாளாய் விளங்கி வைச்சிருந்தனான்.

வேலிக்கு அங்காலை, காடு தொடங்கிற இடத்தில, கொஞ்சச் சீனக் குடும்பங்கள் தோட்டம் செய்துகொண்டிருந்தவை. அதில ஒரு மனிசிதான் எங்களுக்கு மரக்கறி கொண்டு வாறவ. தோளில ஒரு தடி, தடியின்ர இரண்டு பக்கமும் கூடை. அவவின்ர மூத்த பெடியன் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால வருவான். பதினேழு பதினெட்டு வயதிருக்கும். ஆள் மெல்லிசு, கால் மட்டும் பெரிய கால், செருப்புப் போடமாட்டான். அம்மாவுக்கும் அந்த மனிசிக்கும் பொதுவாய்த் தெரிஞ்சது கொஞ்ச மலாய்ச் சொல்லு. அதை வைச்சுக்கொண்டு கோழி கூவினதிலயிருந்து எல்லாம் கதைப்பினம். தம்பி பிறக்கேக்கை ஐயா டியூட்டியில. அம்மாவின்ர தலைமாட்டில இருந்தது அந்த மனிசிதான். பிறகும் எவ்வளவோ நாளைக்கு இஞ்சி இடிச்சுக் கொண்டுவந்து தந்தவ. "என்ர சகோதரம் செய்யாததை அவ செய்தவ" எண்டு அம்மா சொல்லுவா.

ஒரு நாள் காலமை லொறியள் வந்தது. தோட்டக்காரர் எல்லாரையும் ஏத்தி, றெயில் பாதையோடை கொஞ்சத் தூரம் தள்ளி, முள்ளுக்கம்பி அடிச்ச புது ஊர் ஒண்டுக்குள்ளை விட்டினம். வாசலில காவல். குடிசையளுக்கு நெருப்பு வைச்சாச்சு. காட்டிலயிருக்கிறவை இவையிட்டைச் சாப்பாடு வாங்கினமாம், அதுக்குத்தான் இந்த வேலை. மரக்கறிக்கார மனிசி லொறியில நிண்டு அம்மாவைப் பாத்தா. அம்மா குசினி வாசலில நிண்டு அவவைப் பாத்தா. பெடியன் லொறியில இல்லை. "அவன் காட்டுக்குப் போட்டானாம்" எண்டு ஐயா மெதுவாய்ச் சொன்னார். "இனி அவையின்ர கதை இந்த வீட்டில வேண்டாம்." வழியெல்லாம் பாகற்காய் உருண்டு கிடந்தது. நான் சட்டைக்குள்ளை பொறுக்கிக்கொண்டு வந்தன். அம்மா அதைக் கறி வைக்கேல்லை.

அந்த வருசம் ஐயாவுக்கு ஏழரைச் சனி. புரட்டாதி மட்டும் போதாது, சனிக்குச் சனி விரதம் எண்டு அம்மா தொடங்கியிருந்தா. விரதமெண்டால் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, சமைச்சுப் படைச்சு, முதல் சோறு காகத்துக்கு வைச்சு, காகம் எடுத்தாப் பிறகுதான் விரதக்காரர் கை நனைக்கலாம். ஆனால் எங்கட ஸ்டேசனில காகமே இல்லை! "மலாயாக் காகமும் எங்களைப்போலச் சிலோனிலயிருந்து கப்பலேறி வந்ததுதான். அது பட்டினத்தோடை நிண்டிட்டுது, எனக்குத்தான் இந்தக் காட்டுக்கு மாற்றம் கிடைச்சது" எண்டு ஐயா பகிடி விடுவார். முதலெல்லாம் அம்மா சோத்தை வைச்சிட்டு நிண்டு பாப்பா. மைனா வந்து கொத்தும். "சரி, இதுவும் கறுப்புத்தானே" எண்டு போட்டு வந்து சாப்பிடுவா.

லொறி வந்து போனதுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, நாய்கள் வந்து நக்குது எண்டு சொல்லி, சோத்தை வேலியோடை கிடந்த மரக்கட்டையில கொண்டுபோய் வைச்சா. "கா, கா" எண்டு இரண்டுதரம் கூப்பிட்டிட்டு உள்ளை வந்திட்டா. கொஞ்ச நேரத்தால போய்ப் பாத்தால் சோறும் இல்லை, சோறு வைச்ச வாழையிலையும் இல்லை. "காகம் எடுத்திட்டுது" எண்டு சொல்லிக்கொண்டு வந்து சாப்பிட இருந்தா. முகத்தில ஒரு சந்தோசம், நான் கண்டதில்லை. அடுத்த சனி சோறு கூடிச்சுது. அதுக்கடுத்த சனி பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் சோத்துக்கு நடுவில குழி பறிச்சு ஊத்தினா.

"அம்மா, காகத்துக்கு இவ்வளவு சோறோ?"

"இது காட்டுக் காகம். பெரிசு."

"இலையையும் தின்னுமோ?"

"நீ வாயை மூடிக்கொண்டு தம்பியைப் பார்."

பங்கீட்டு அரிசி. கட்டைக்குப் போற சோறு அம்மாவின்ர கோப்பையிலயிருந்து குறைஞ்சு போறதுதான். அது எனக்கு அப்ப தெரியேல்லை, பிறகு பிள்ளை குட்டி பெத்தாப் பிறகுதான் விளங்கிச்சுது. ஐயா ஒண்டையும் கவனிக்கேல்லை. அவருக்கு றெயில், பச்சைக்கொடி, கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு. காலமையில சவரம் எடுக்காமல் பிளாற்போமில கால் வைக்கமாட்டார். வெள்ளைக்காரன் எங்களை வேலையால மதிக்கிறான், அந்த மதிப்பை நாங்கள் கெடுக்கப்படாது, இதுதான் அவற்ற வேதம்.

பாதையைக் காவல் பாக்கிறவை ஒரு சனிக்கிழமை, கட்டையில சோத்தைக் கண்டுபோட்டினம். அடுத்த நாளே போலிஸ் துரை வந்திட்டார். இளம் ஆள். மூக்கு வெயிலில உரிஞ்சு சிவந்து கிடந்தது. கழுத்தில தூரம் பாக்கிற கண்ணாடி. மரியாதையான மனிசன்தான். சப்பாத்துப் போட்டபடி உள்ளை வரலாமோ எண்டு கேட்டு, ஐயா "பரவாயில்லைச் சேர்" எண்டு சொன்னாப் பிறகுதான் வந்தவர். ஐயா கதிரையை இரண்டுதரம் துடைச்சுப் போட்டார். காட்டுக்காரருக்குச் சாப்பாடு குடுத்தால் மறியல், சிறைதான். விட்டாலும் வேலை போம், ஊருக்குத் திருப்பி ஏத்திவிடுவினம். என்னத்தைக் கொண்டு ஊருக்குப் போறது?

"சேர், இது எங்கட சமயம். சனிக்கிழமையில காகத்துக்கு வைச்சிட்டுத்தான் சாப்பிடுறது" எண்டார் ஐயா. பள்ளிக்கூடத்தில இங்கிலிஸ்தானே, எனக்கும் விளங்கிச்சுது.

"காகத்துக்கோ?"

"ஓம் சேர், காகத்துக்கு."

துரை வேலிப் பக்கம் திரும்பிப் பாத்தார். "வாற சனி எனக்குக் காட்டுங்கோ" எண்டார்.

அந்தச் சனியை நினைச்சால் சிரிப்பும் வருகுது, அழுகையும் வருகுது. துரைக்குக் கதிரை கொண்டுபோய் வேலியடியில போட்டாச்சு. பின்னால துவக்குக்காரர். ஐயா முழு உடுப்போடை, தொப்பியைக் கக்கத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு நிக்கிறார். அவ்வளவு ஆம்பிளையளுக்கு முன்னால அம்மா தலையில சீலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு போய்ச் சோத்தை வைச்சு, "கா" எண்டா. குரல் வரேல்லை. "பலமாய்க் கூப்பிடும்" எண்டார் ஐயா. அம்மா காட்டைப் பாத்துக்கொண்டு, "கா, கா, கா" எண்டு கத்தினா. நான் பிள்ளையாரைக் கும்பிட்டன். ஒரேயொரு காகத்தை அனுப்பு, பிறகு நான் ஒண்டும் கேக்கமாட்டன். அம்மாவைப் பிடிச்சுக்கொண்டு போனால் நானும் தம்பியும் என்ன செய்யிறது?

ஒரு பறவை வந்துது. ஐயா அந்தரப்பட்டு, "சேர், காகம்!" எண்டார்.

துரை கண்ணாடியைத் தூக்கிப் பாத்தார். "மைனா" எண்டார்.

"ஓம் சேர், மைனா சேர்."

பிறகும் மைனாதான். துரைக்குப் பறவையெண்டால் உயிர் போல. என்னைக் கூப்பிட்டுக் கண்ணாடியை என்ர கண்ணில வைச்சு, மைனாவின்ர மஞ்சள் காலைக் காட்டினார். பெப்பர்மின்ற் ஒண்டும் தந்தவர். காகம் வரவேயில்லை. கடைசியில துரை எழும்பி ஐயாவின்ர தோளில தட்டினார். "நான் உங்கட மனிசியை நம்புறன். அவ காகத்துக்குத்தான் வைக்கிறா. ஆனால் இஞ்சை காகமில்லை. அப்ப, இவ்வளவு நாளும் சாப்பிட்டது ஆர்?" வாற சனியும் வழக்கம் போல வைக்கச் சொன்னார். அம்மாதான் வைக்கவேணுமாம். எடுக்கிற ஆள் காட்டுக்குள்ளை நிண்டு பாக்கிறவனாம், வேற ஆள் போனால் வரமாட்டானாம். துவக்குக்காரர் சாமான் கொட்டிலுக்குப் பின்னால ஒளிஞ்சிருப்பினம்.

ஐயா நிலத்தில நிக்கேல்லை. "துரை எங்களை நம்பிட்டார். ஏழரைச் சனி விட்டுப் போச்சுது, பாரும்."

"வந்து எடுக்கிறவனை என்ன செய்வினம்?" எண்டு கேட்டா அம்மா.

"பிடிச்சு விசாரிப்பினம்."

"பிடிக்கிறதுக்கோ அவ்வளவு துவக்கு?"

"அது அவையின்ர வேலை. நாங்கள் எங்கட வேலையைப் பாப்பம்."

"படைச்ச சோத்தை வைச்சோ ஒரு பிள்ளையைக் கூப்பிடச் சொல்லுறியள்?"

ஐயா தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். அம்மா பிள்ளையெண்டு சொன்னது அவற்ற காதில விழுந்துதோ, விழுந்தும் விழாத மாதிரி இருந்தாரோ, எனக்குத் தெரியாது. அண்டைக்கு அம்மா சாப்பிடேல்லை. காகம் எடுக்கேல்லையே.

அடுத்த சனி விடிஞ்சால், அம்மா பின்னறையில பாயைப் போட்டுக்கொண்டு மூலையில இருக்கிறா. தனிச் செம்பு, தனிக் கோப்பை. "நான் துடக்கு" எண்டா. துடக்கெண்டால் மாதத் தீட்டு, அடுப்படிக்கு வரேலாது, படைக்கேலாது, விரதமில்லை. ஐயா எவ்வளவு பயந்த மனிசனோ அவ்வளவு ஆசாரமான மனிசன். வாசலில நிண்டு கையைப் பிசைஞ்சார். பிறகு போய்த் துரையிட்டை அதை எப்பிடித்தான் சொன்னாரோ! துரையின்ர முகம் மூக்கைவிடச் சிவந்து போச்சுது. "ஓ, சரி, சரி, அடுத்த கிழமை" எண்டு சொல்லிக்கொண்டு ஓடிட்டார். அண்டைக்கு ஐயாதான் சமைச்சவர். கருகின சோறு. தம்பி துப்பினான்.

அதுக்கடுத்த சனியும் அம்மா மூலையில.

"போன சனியும் துடக்கெண்டனீர்" எண்டார் ஐயா.

"ஓம். இண்டைக்கும்தான்."

"இஞ்சேர், விளையாடாதையும். இந்த வேலை போனால் நாங்கள் நடுத்தெருவில. பிள்ளையளை யோசிச்சீரோ?"

"பிள்ளையளைத்தான் யோசிக்கிறன்."

ஐயா அம்மாவின்ர தனிச் செம்பைப் பாத்தார். அவருக்கு இப்ப எல்லாம் விளங்கிட்டுது. கொஞ்ச நேரத்தால கண்ணாடிக்கு முன்னால போய்த் தலையைச் சீவித் தொப்பியை வைச்சுக்கொண்டு வெளியில போனார். நான் பின்னால போனன். "என்ர மனிசி சரியான வருத்தக்காரி, சேர். எப்ப சுகம் வருமெண்டு சொல்லேலாது" எண்டார். ஐயா பொய் சொன்னதை அதுக்கு முந்தி நான் கேட்டதில்லை. துரை நம்பினாரோ தெரியாது. துவக்குக்காரர் மத்தியானம் மட்டும் கொட்டிலுக்குப் பின்னால இருந்து பாத்தினம். நான் குசினி யன்னலால கட்டையைப் பாத்துக்கொண்டு நிண்டன். வேலிக்கு அங்காலை புல்லு ஒருக்கால் அசைஞ்சது. காத்தோ, உடும்போ, ஆளோ? இண்டைக்கும் கனவில அந்தப் புல்லு அசையும், ஆரெண்டு பாக்கமுன்னம் முழிச்சிடுவன்.

இரண்டு மூண்டு நாளால, அந்த இரும்பு வண்டி எதிர்ப்பக்கத்தாலை வந்து எங்கட ஸ்டேசனில நிண்டுது. அதிலயிருந்து ஒண்டை இறக்கிப் பிளாற்போமில வைச்சினம். படங்கால, லொறிக்குப் போடுற தடிச்ச துணியால, மூடியிருந்தது. அடுத்த சாமான் றெயிலில பட்டினத்துக்கு அனுப்பவேணுமாம். முள்ளுக்கம்பி ஊருக்குள்ளை, வெளியிலயிருந்து ஆரோ கம்பிக்குக் கீழாலை கையை விட்டுத் தாயைக் கூப்பிட்டிருக்கிறான், காவல்காரர் சுட்டுப்போட்டினம். துரை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். அம்மா வந்தா. நானும் சீலையைப் பிடிச்சுக்கொண்டு வந்திட்டன், ஒருத்தரும் என்னைத் துரத்தேல்லை. படங்குக்கு வெளியில கால் இரண்டும் தெரிஞ்சது. பெரிய கால், செருப்பில்லை. துரை முகத்தைத் திறந்து காட்டினார்.

"இவனைத் தெரியுமோ எண்டு கேளுங்கோ."

ஐயா கேட்டார். அம்மா தலையை ஆட்டினா. "தெரியாது எண்டு சொல்லுங்கோ."

துரை படங்கை இழுத்து மூடிக்கொண்டு, தனக்குத் தானே சொல்லுறது போல ஒண்டு சொன்னார். ஐயா எப்பவும் துரை சொன்னதெல்லாத்தையும் தமிழில சொல்லிப் பழகினவர். யோசிக்காமல் அதையும் சொல்லிப்போட்டார். "கன நாளாய் ஒண்டும் சாப்பிடேல்லைப் போல, வயிறு ஒட்டிக் கிடக்குதாம். பசி தாங்காமல்தான் கம்பியடிக்கு வந்திருப்பானாம்."

சொன்னாப் பிறகுதான் ஐயாவுக்கு விளங்கியிருக்க வேணும். அம்மாவின்ர முகத்தைப் பாத்திட்டுக் கொடியைக் கையில எடுத்தார், அப்ப ஒரு றெயிலும் வரேல்லை.

சோத்தை வைச்சிருந்தால் அவனைக் கட்டையடியில சுட்டிருப்பினம். வைக்காததாலை கம்பியடியில சுட்டினம். அம்மா அவனைக் காப்பாத்தப் பாத்தாவோ, பட்டினி போட்டாவோ? ஆரிட்டை நான் கேக்கிறது? பிறகு யாழ்ப்பாணத்தில, எங்கட ஊரில, எங்கட இயக்கப் பெடியள் வேலிக்கு மேலால எட்டிப் பாத்து "அம்மா, சாப்பாடு இருக்குதோ?" எண்டு கேட்ட காலத்தில நானும் பார்சல் கட்டிக் குடுத்தனான். உங்களில கனபேரும் குடுத்தனீங்கள். குடுத்ததுக்கு அடிவாங்கினவையும் இஞ்சை இருக்கினம், பிறகு குடுக்கமாட்டன் எண்டு கதவைச் சாத்தினவையும் இருக்கினம். ஆர் சரியெண்டு நீங்கள் செவ்வாய்க்கிழமையில சண்டை பிடிக்கேக்கை எனக்குத் தலை சுத்துது. அந்தத் துரையை வெறுக்கப் பாக்கிறன், முழுசாய் ஏலாமல் கிடக்குது, கண்ணாடியால மைனாவின்ர காலைக் காட்டின மனிசன். ஐயாவைக் கோழையெண்டு கன காலம் நினைச்சிருந்தன். அதுவும் சரியோ எண்டு இப்ப தெரியேல்லை.

அம்மா பிளாற்போமிலயிருந்து வீட்டுக்குள்ளை நேரை வரேல்லை. பின்னால தண்ணித் தொட்டியடிக்குப் போய், உடுத்த சீலையோடை தலையில அள்ளி அள்ளி ஊத்தினா. என்னையும் தம்பியையும் இழுத்து வைச்சு ஊத்தினா. சாமி விளக்குக் கொளுத்தேல்லை. அடுப்புப் பத்தவைக்கேல்லை. ஊரிலயிருந்து சாவுத் தந்தி வந்திட்டுது எண்டுதான் நான் நினைச்சன்.

"அம்மா, ஆர் செத்தது? அம்மம்மாவோ?"

"இல்லை."

"அப்ப ஆருக்குத் துடக்கு?"

அம்மா என்ர தலையைத் துவட்டினா. துவட்டினா, துவட்டினா, காது நோகுமட்டும் துவட்டினா. அதுக்குப் பிறகு சனி வந்துது, விரதமில்லை. வெள்ளிக்கிழமையில தேவாரமில்லை. ஐயா ஒரு சொல்லும் கேக்கேல்லை.

ஒரு நாள் பின்னேரம் நான் ஐயாவுக்குத் தேத்தண்ணி கொண்டு பிளாற்போமுக்குப் போனன். துரை வண்டியிலயிருந்து இறங்கி வாறார். ஐயா கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டோடை, பித்தளைப் பொத்தான் எல்லாம் பூட்டி, விறைச்சுக்கொண்டு நிக்கிறார். முகம் முழுக்கத் தாடி, கறுப்பும் வெள்ளையுமாய்.

"என்ன ஸ்டேசன் மாஸ்டர், சவரக்கத்தி துலைஞ்சு போச்சோ?" எண்டு துரை சிரிச்சார்.

"இல்லைச் சேர். எங்கட வீட்டில ஒரு சாவு. துடக்குக் கழியுமட்டும் நாங்கள் சவரம் எடுக்கிறேல்லை."

துரையின்ர சிரிப்பு நிண்டுது. "மன்னிக்க வேணும், எனக்குத் தெரியாது. நெருங்கின சொந்தமோ?"

ஐயா முந்திப் படங்கு கிடந்த இடத்தைப் பாத்தார்.

"ஓம் சேர்" எண்டார். "மனிசியின்ர பக்கம்."

துரை தொப்பியைக் கழட்டி நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு, ஐயாவுக்கு முன்னால தலையைக் குனிஞ்சு நிண்டார்.